சாம்பார்ப் பொடி டிரம்மில் இருந்த பொட்டு

தம்பி,

நேற்று மத்தியானம் நித்யாவைக் கூட்டிக்கொண்டு கே.கே. நகரில் உன் மாமனார் வீட்டுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் நீ படித்துவிட்டதாக நீலக் குறி காட்டுகிறது, பதில் மட்டும் வரவில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். சாயங்காலம் அம்மா உங்களைப் பார்க்க வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புவேன். அவளும் என்னோடு பேசுவதில்லை. காலையில் காபியை டொக்கென்று மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் வழக்கம்போல முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தேன். கதவோரம் நின்று அதைப் பார்த்தவள், "என் கையால போட்ட காபியையுமா?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாக அப்படித்தான் குடிக்கிறேன், அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நேற்று நடந்த கூத்துக்குப் பிறகுதான் அது அவளுக்கு உறைத்திருக்கிறது.

நீ அலைந்து திரிந்து பிடித்த பெரிய ஆர்டர் அது. பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு. நேற்று முதல் நாள். டெம்போவில் ஏற்ற வேண்டிய அத்தனை சாப்பாட்டையும் நான் ஏற்றவிடாமல் நிறுத்தினேன். கொல்லையில் குழி வெட்டச் சொல்லிக் கொட்டினேன். காக்காய், நாய் எதுவும் கிளறிவிடக் கூடாது என்று மேலே மண்ணும் போட்டு மிதிக்கச் சொன்னேன். சமையல்காரர்கள் எல்லாரும் பார்க்க நீ என்னிடம் கத்தினாய், "உங்களுக்குப் பைத்தியம்தான்ப்பா பிடிச்சிருக்கு" என்று. அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். சொன்ன பிறகும் பைத்தியம் என்றே உனக்குத் தோன்றினால், சரி, அப்படியே வைத்துக்கொள். ஆனால் முழுசும் படித்துவிட்டு முடிவு பண்ணு.

முதலில் பல்லிக் கதை. உனக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும், அப்போது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நான் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்துகொண்டிருந்த காலம். தில்லைநகரில் ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு. இரண்டாம் பந்தி நடக்கும்போது ஓர் ஆள் பாயசக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே பல்லி. பந்தி முழுக்க எழுந்துவிட்டது. ஒரு குழந்தை வாந்தி எடுத்தது, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். பெண்ணின் பெரியப்பா என் சட்டையைப் பிடித்துவிட்டார். ஆனாலும் அந்தப் பல்லியைக் கரண்டியில் எடுத்துப் பார்த்தேன். அது வெயிலில் காய்ந்து விறைத்துப்போய் இருந்தது. கொதிக்கிற பாயசத்தில் விழுந்த பல்லி என்றால் வெந்து குழைந்திருக்கும், வால் தனியாகப் போயிருக்கும். இது யாரோ சட்டைப் பையில் கொண்டுவந்து கிண்ணத்தில் போட்டது. "பாருங்கய்யா, காய்ஞ்சிருக்கு, வேகவே இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் நீட்டிக் காட்டினேன். பல்லியை நீட்டிக்கொண்டு ஓடிவரும் சமையல்காரனை யார் நின்று கேட்பார்கள்? எல்லாரும் விலகி ஓடினார்கள். யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. அந்த மண்டபத்துக்கு என்னை விட்டால் வேறு யார் சமைக்க வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க எல்லார் முகமும் திருட்டு முகமாகத் தெரிய ஆரம்பித்தது. கல்யாண ஆர்டர் நின்றுபோனது. அப்புறம்தான் ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குக் கேரியரில் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தோம். நீ வளர்ந்ததும் படித்ததும் அந்தக் கேரியர் சோற்றில்தான்.

அன்றைக்குப் பிடித்த சந்தேகம் இன்னும் என்னை விடவில்லை. பால் பாக்கெட் வந்தால் நாலு மூலையையும் அழுத்திப் பார்ப்பேன், ஊசி போட்ட ஓட்டை எங்காவது கசிகிறதா என்று. மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து அரிசி மூட்டை வந்தால் தையல் நூல் ஒரே நிறமா, நடுவில் பிரித்துத் தைத்த மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பேன். தொட்டியத்திலிருந்து வாழை இலைக்கட்டு வந்தால் பிரித்து உதறி, கழுவி, மறுபடியும் கழுவச் சொல்வேன். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் முறுக்கு நீட்டினால், வயிறு சரியில்லை என்பேன். நீ சின்ன வயசில் அப்படி ஒருத்தர் கொடுத்த பிஸ்கட்டை உன் கையிலிருந்து நான் பிடுங்கியதும், அந்த மனிதர் அவமானத்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். விழுப்புரம் வரைக்கும் நீ அழுதுகொண்டே வந்தாய். அவர் நல்லவராகத்தான் இருந்திருப்பார். அந்த முகம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

இதெல்லாம் நீ கண்ணால் பார்த்தது. நீ பார்த்தும் உனக்குப் புரியாத ஒன்று உண்டு. அதைத்தான் இந்தக் கடிதத்தில் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் ஸ்டோர் ரூமில் வரிசையாக இருக்கும் எவர்சில்வர் டிரம்களில் அம்மா சந்தனமும் குங்குமமும் வைக்கிறாளே, பார்த்திருக்கிறாய் அல்லவா? முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் வைப்பாள், மற்றவர்கள் வீட்டில் வைக்கிற மாதிரி டிரம்மின் வயிற்றில். பல்லிக்குப் பிறகு நான்தான் அவளிடம் கேட்டுக்கொண்டேன், தினமும் வை என்று. இடத்தையும் நான்தான் மாற்றினேன். பொட்டில் பாதி மூடியின் விளிம்பில், பாதி டிரம்மில் விழ வேண்டும். முதலில் கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் மோதிர விரலால் குங்குமம். காய்ந்த பிறகு யாராவது மூடியைத் திறந்தால் சந்தனம் வெடித்துவிடும். திரும்ப எவ்வளவு ஒழுங்காக மூடினாலும் இரண்டு பாதியும் சேராது. தினமும் விடியற்காலையில் நான் ஸ்டோர் ரூமுக்குள் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு டிரம்மாகப் பார்த்துக்கொண்டு போவேனே, அது சாமி கும்பிடுவது இல்லை. தங்கவேல் மாஸ்டர் இத்தனை வருஷமாக நம்மிடம் சமைக்கிறார், அவரே "அண்ணன் அன்னலட்சுமிய கும்பிடாம ஒரு பொருளத் தொட மாட்டாருங்க" என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். நான் மறுத்ததில்லை. அவரையும் சேர்த்துத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், எப்படி மறுப்பேன்? பொட்டின் அர்த்தம் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். உனக்குச் சொல்லவில்லை. நீ யாரிடமாவது விளையாட்டாக உளறிவிடுவாய் என்ற பயம்தான். நித்யா வந்த பிறகு அவளுக்கும் சொல்லவில்லை.

உன் கல்யாணத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்று நீ அதையும் இழுத்தாய். தாலி கட்டுகிற போட்டோவில் அப்பா இல்லை. உண்மைதான். அம்மா இருக்கிறாள், சித்தப்பா இருக்கிறார், வீடியோக்காரரின் முழங்கைகூட இருக்கிறது, நான் இல்லை. கெட்டிமேளம் கேட்டபோது நான் சமையற்கூடத்தில் பாயச அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் மேடையைப் பார்க்கிற நேரம் அதுதான், அண்டாவை யாரும் பார்க்காத நேரமும் அதுதான். யாராவது ஏதாவது செய்வதென்றால் அப்போதுதான் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கையில் வைத்திருந்த அட்சதையை அங்கிருந்தே மேடை இருந்த திசையில் போட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். உன் மனசில் அது இவ்வளவு தூரம் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது, தம்பி. வருத்தமாக இருக்கிறது. ஒரு நிமிஷம் மாஸ்டரை நிற்கச் சொல்லிவிட்டு நான் மேலே வந்திருக்கலாம்.

இனி முந்தாநாள் சாயங்காலத்துக்கு வருகிறேன். சோமு வந்தார். இதுவரை அந்த விடுதிக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், உன்னால் ஆர்டரை இழந்தவர். வெறுங்கையோடு வரவில்லை, அல்வாப் பெட்டியோடு வந்தார். "பையன் கெட்டிக்காரங்க. நமக்கு வயசாயிடுச்சு, இனிமே இளவட்டம்தான் செய்யணும். வாழ்த்திட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். நீ சந்தோஷமாக நாற்காலி போட்டாய். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பக்கத்தில் போட்டாய். நான் அடுப்படியில் இருந்தேன். அல்வாவை நான் தொடவில்லை, நீ தின்றாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் நியாயமில்லாதவன் ஆகிவிடுவேன். நடுவில் உனக்குப் போன் வந்து வாசலுக்குப் போனாய். கொஞ்ச நேரம் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்தபோது எழுந்து நின்று சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல விசாலமா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இவ்வளவுதான் நடந்தது. இதில் ஒன்றுமே இல்லை. எனக்கு மட்டும் சரியாகப் படவில்லை.

நேற்று விடியற்காலையில் விடுதிக்குக் கூடுதலாகக் காய் வேண்டும் என்று நான் காந்தி மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். நான் டிரம்களைப் பார்க்கும் முன்பே மாஸ்டர் அடுப்பைப் பற்றவைத்தது நேற்று ஒரு நாள்தான். ஆட்டோவில் காயை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி வருவதற்குள் விடிந்து வெகு நேரம் ஆகிவிட்டது. நான் நுழையும்போது சாம்பார் கொதித்து இறக்கியாகிவிட்டது, வாசனை தெருவரைக்கும் வந்தது. கூட்டிலும் அதே பொடிதான் போட்டிருந்தது. சாம்பார்ப் பொடி டிரம்மின் மூடி பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தது. அதன் விளிம்பில் பாதிப் பொட்டு. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். அடியில் சந்தனமே இல்லை. வெறும் குங்குமம், பளிச்சென்று, பெருவிரல் அளவுக்கு. அது அம்மா வைத்த பொட்டு இல்லை. யாரோ பழைய பொட்டை அழித்துவிட்டுப் புதிதாக வைத்திருக்கிறார்கள்.

"யாரு வெச்சது இந்தப் பொட்ட?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுகிறேன், கத்தினேன் என்பதுதான் சரி. கை கழுவிக்கொண்டிருந்த நித்யா ஈரக் கையோடு வந்தாள்.

"நான்தான் மாமா வெச்சேன். நேத்து சாயங்காலம் விளக்கேத்தறப்ப பார்த்தேன், அதுல மட்டும் பொட்டு அழிஞ்சு உதிர்ந்திருந்துச்சு. நாளைக்குப் புது ஆர்டர் ஆரம்பிக்குதே, இப்படி மூளியா இருக்கக் கூடாதேன்னு தொடச்சிட்டு வெச்சேன். தப்புங்களா மாமா?"

அந்தப் பெண்ணிடம் என்ன தப்பு? எந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண்ணும் அதைத்தான் செய்வாள். அழிந்த பொட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா போனால்தான் தப்பு என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருப்பார்கள். காவலைப் பக்தி மாதிரி வேஷம் போட்டு வைத்தவன் நான். அவள் உண்மையான பக்தியோடு வந்து அதை மூடிவிட்டாள். ஆனால் அவள் சொன்ன வார்த்தையில் என் காதில் விழுந்தது வேறொன்று. அழிந்து உதிர்ந்திருந்தது. முந்தாநாள் மத்தியானம் புதுப் பொடி அரைத்து வந்து டிரம்மில் கொட்டி, அம்மா தன் கையால் சந்தனம் வைத்ததை நான் பார்த்தேன். விளக்கேற்றும் நேரத்தில் அது வெடித்திருக்கிறது. நடுவில் யாரோ திறந்திருக்கிறார்கள். மாஸ்டரைக் கேட்டேன், இல்லை என்றார். மற்றவர்களும் இல்லை என்றார்கள். உன்னைக் கேட்டேன், நீ "நான் எதுக்குப்பா பொடி டிரம்மத் திறக்கப் போறேன்?" என்றாய். நடுவில் வந்த வெளியாள் சோமு ஒருத்தர்தான்.

நீ நினைத்தாய், எல்லார் முன்னாலும் உன் பெண்டாட்டியை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன் என்று. என் குரல் அப்படித்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். அவள் பேசாமல் நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பழி தன் மேல் வரும் என்று தெரிந்தும் முன்னால் வந்து சொன்னாள். என் வாழ்நாளில் யாரையும் முழுசாக நம்பாத எனக்கு, நேற்று அந்த அடுப்படியில் நம்ப முடிந்த ஒரே ஆள் அவள்தான். இதை அவளுக்குப் படித்துக் காட்டு. நேரில் வந்தும் சொல்வேன்.

அப்புறம் உனக்கும் எனக்கும் நடந்த சண்டை. "ஏதோ மூட்டைய எறக்கறப்ப சாக்கு ஒரசியிருக்கும்ப்பா, பூனை ஏறியிருக்கும், ஒரு பொட்டுக்காக இவ்ளோ சாப்பாட்டையும் கொட்டுவாங்களா?" என்றாய். நியாயமான கேள்வி. சாக்கு உரசியிருக்கலாம். பூனையும் ஏறியிருக்கலாம். "சரி, சாம்பாரையும் கூட்டையும் மட்டும் கொட்டுங்க, ரசமும் மோரும் வெச்சு சமாளிக்கலாம்" என்றாய். அதுவும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தன் உள்ளே நுழைந்து ஒரு டிரம்மைத் திறந்தான் என்றால், மற்ற டிரம்களை அவன் தொடவில்லை என்று எதை வைத்துச் சொல்வேன்? நான் காலையில் மற்ற பொட்டுகளையும் பார்க்கவில்லை. வருவதற்குள் எல்லா டிரம்மும் திறந்தாகிவிட்டது. எனக்குத் தெரியாததை எனக்குத் தெரியும் என்று சொல்லிச் சாப்பாடு அனுப்ப என்னால் முடியாது. சாம்பார்ப் பொடியில் என்ன கலந்தாலும் மறைந்துவிடும், தம்பி. நிறமும் மறையும், வாசனையும் மறையும். கெடுக்க நினைக்கிறவனுக்கு அடுப்படியில் அதைவிட வசதியான பொருள் கிடையாது.

பொடியில் கொஞ்சத்தையும் சாம்பாரில் கொஞ்சத்தையும் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வர நாளாகுமாம். அது வருவதற்கு முன்னாலேயே இதை எழுத வேண்டும் என்றுதான் இன்றைக்கே உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை என்று வந்தால் நீ ஜெயித்தாய், ஏதாவது இருக்கிறது என்று வந்தால் நான் ஜெயித்தேன் என்று ஆகிவிடக் கூடாது. ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நேற்று நான் செய்தது எனக்குச் சரிதான். இதில் நீ என்னோடு ஒத்துப்போக மாட்டாய் என்று தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ என் பேச்சைக் கேட்கத்தான் வேண்டும். நேற்று நீ போன பிறகு மாஸ்டர் என்னிடம் வந்து, "சோமுதாங்க, வேற யாரு? நாலு பேரக் கூட்டிட்டுப் போய்க் கேட்டுப்புடலாமா?" என்றார். கோபம் ஆறிய பிறகு உனக்கும் அந்த யோசனை வரும். உன் சிநேகிதர்கள் வேறு சும்மா இருக்க மாட்டார்கள், அவர் போட்டோவை எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ஊரெல்லாம் பரப்பலாம் என்பார்கள். செய்யாதே. சாப்பாட்டைக் கொட்ட எனக்குச் சந்தேகம் போதும். ஒரு மனிதர் பெயரைக் கெடுக்க அது போதாது. எனக்கும் ஒரு நாள் பல்லிச் சமையல்காரன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரோடு நான் இந்த ஊரில் காய் வாங்கியிருக்கிறேன், கோயிலுக்குப் போயிருக்கிறேன், உன் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறேன். சோமு அல்வாதான் கொண்டுவந்தார், வாழ்த்தத்தான் வந்தார் என்றும் இருக்கலாம். என் மனசு அதை ஒத்துக்கொள்ளவில்லை. அது என் மனசின் கோளாறாகவும் இருக்கலாம். அவர் அடுத்த தடவை வந்தால் வாசலில் நாற்காலி போடு, மரியாதையாகப் பேசு, உள்ளே விடாதே. அவரை மட்டும் இல்லை, யாரையும்.

சாப்பாடு வராததற்கு விடுதி வார்டனம்மாவிடம் நீ காஸ் பிரச்சினை என்று சொல்லியிருக்கிறாய். நான் நேற்று சாயங்காலம் அவர்களுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லிவிட்டேன். உனக்கு இன்னும் கோபம் வரும், வரட்டும். நம் கதவுக்குள் ஒருத்தன் நுழைந்திருந்தால் அங்கேயும் நுழையலாம், அவர்கள் கதவையும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? காஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தால் பார்ப்பார்களா? அந்தம்மா முழுசும் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம், "இதச் சொன்னதுக்கு நன்றிங்க. ஆனா இனிமே உங்கள நாங்க எப்படிங்க நம்பறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். "நம்பாதீங்கம்மா" என்றேன். "தினமும் உங்க சாப்பாட்டுக் கூடத்துக்கு நான் வரேன். எந்தப் பாத்திரத்துலேருந்து போடணும்னு நீங்க கை காட்டுங்க, அதுலேருந்து எடுத்து உங்க முன்னாடியே நான் சாப்பிடறேன். அரை மணி நேரம் கழிச்சுப் பிள்ளைங்களுக்குப் போடுங்க." யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். ஆர்டர் போனாலும் போகலாம். அது உன் உழைப்பு, எனக்குத் தெரியும். போனால் என் மேல் கோபப்படு. அந்தம்மாவிடம் மட்டும் மறுபடியும் பொய் சொல்லாதே.

நீ கேமரா வைக்க வேண்டும் என்று வெகு நாளாகச் சொல்கிறாய். வை. ஸ்டோர் ரூமுக்குப் பூட்டும் போடு, சாவி ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். வெளி ஆட்களுக்கு அடுப்படிக்குள் வேலை இல்லை என்று எழுதிக்கூட மாட்டு. நான் செய்ததை மட்டும் செய்யாதே. காவலை வீட்டு மனிதர்களிடமிருந்து ஒளித்துவைக்காதே. நித்யாவுக்குத் தெரிந்திருந்தால் முந்தாநாள் சாயங்காலமே என்னைக் கூப்பிட்டிருப்பாள், "மாமா, பொட்டு உடைஞ்சிருக்கு" என்று. அந்தப் பொடியை அப்போதே தள்ளி வைத்துவிட்டு வேறு அரைத்திருப்போம். முதல் நாள் சாப்பாடு நேரத்துக்குப் போயிருக்கும். மாஸ்டருக்கும் சொல்லியிருக்க வேண்டும். அவரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே அவர் கையால் சமைத்ததை இத்தனை வருஷம் தின்றிருக்கிறேன், அதை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்று காலையில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நான் தெனமும் கும்பிட்டது எதங்க?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார். கோபமா என்று தெரியவில்லை. நாளைக்கு வேலைக்கு வருவார் என்று நம்புகிறேன்.

கடைசியாக அந்தத் தட்டு விஷயம். அதைத் தொடாமல் கடிதத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. குழி வெட்டிக்கொண்டிருந்தபோது நீ ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, அண்டாவிலிருந்து சாம்பாரை மொண்டு ஊற்றினாய். "இப்ப நானே சாப்பிட்டுக் காட்டறேன், எனக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க" என்று சொல்லிக் கையை வைத்தாய். நான் ஓடிவந்து தட்டைத் தட்டிவிட்டேன். அது சுவரில் மோதி விழுந்தது. நித்யா அலறினாள். உன்னை நான் அடிக்க வந்ததாகவே எல்லாரும் நினைத்தார்கள், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். எத்தனையோ நாள் உன் மேல் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, ஒரு நாளும் கை நீட்டியதில்லை. நேற்றும் அது கோபம் இல்லை, பயம். அந்தச் சாம்பாரில் ஏதாவது இருந்ததா என்று அப்போதும் எனக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது. ஒன்றும் இருக்காது என்றுதான் என் மனசில் பாதி சொன்னது. அந்தப் பாதியை நம்பி நீ ஒரு வாய் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பிறகு எந்த முகத்தோடு அதை டெம்போவில் ஏற்றுவேன்? அந்த விடுதியில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அப்பன் இருக்கிறான். அரியலூரிலோ பெரம்பலூரிலோ எங்கோ வேலையில் இருப்பான். தட்டைத் தட்டிவிட அவன் கை அங்கே எட்டாது.

சாம்பார் நல்ல சூடாக இருந்தது. உன் வலது கையில் கொட்டியதைப் பார்த்தேன். தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளாமல் அந்தக் கையாலேயே வண்டியை முறுக்கிக்கொண்டு போனாய். கொப்புளம் போட்டிருக்கிறதா, மருந்து போட்டாயா? வேறு எதற்கும் நீ பதில் சொல்ல வேண்டாம். இதை மட்டும் அம்மாவிடம் சொல்லி அனுப்பு.

அப்பா